சிவப்புக் கம்பளம், கைகுலுக்கல்... ஆனா போர்நிறுத்தம் எங்கே? ட்ரம்ப் - புதின் சந்திப்பை உக்ரைன் நம்பாதது ஏன்?

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் உள்ள ராணுவத் தளத்தில் 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை அமெரிக்க அதிபர் ட்ரம்ப்பும் ரஷ்ய அதிபர் புதினும் சந்தித்தார்கள். சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது. தலைக்கு மேல் பி-2 போர் விமானம் பறந்தது. ட்ரம்ப்பின் காரிலேயே ஏறி புதின் பயணித்தார். சுமார் மூன்று மணி நேரம் பேசினார்கள். பிறகு மேடையேறி 12 நிமிடம் போலப் பேசிவிட்டு, செய்தியாளர்களிடம் ஒரு கேள்விகூட வாங்காமல் கிளம்பிவிட்டார்கள். திட்டமிட்டிருந்த மதிய விருந்தும் ரத்து.

அன்று இரவு மட்டும் ரஷ்யா 85 ட்ரோன்களை ஏவியதாக உக்ரைன் விமானப்படை சொன்னது.

சந்தேகம் எங்கே ஆரம்பித்தது?

கைகுலுக்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டது. போரை நிறுத்த ஜூலை 14-ல் புதினுக்கு 50 நாள் கெடு கொடுத்தார் ட்ரம்ப். பிறகு பொறுமை போய்விட்டது என்று சொல்லி அதை ஆகஸ்ட் 8-ஆகச் சுருக்கினார். கெடு தாண்டினால் கடும் பொருளாதாரத் தடை என்றார். ஆகஸ்ட் 8 வந்தது. தடை வரவில்லை, உச்சி மாநாட்டு அறிவிப்புதான் வந்தது!

புதினின் கணக்கில் பார்த்தால், பேச்சு தொடங்கும் முன்பே லாபம். 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவருக்குக் கைது வாரண்ட் பிறப்பித்தது. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன வழக்கு அது. அந்த நீதிமன்றத்தில் அமெரிக்கா உறுப்பினர் இல்லை என்பதால் அலாஸ்காவில் அவருக்குச் சிக்கல் இல்லை. 10 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க மண்ணில் கால் வைத்தார், அதுவும் ராஜ மரியாதையோடு. இதற்குப் பதிலாக அவர் கொடுத்தது என்ன என்று கேட்டால், அப்போது வெளியே தெரிந்த பதில் எதுவும் இருக்கவில்லை.

உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கு அழைப்பே இல்லை. அவர் நாட்டு நிலத்தைப் பற்றிய பேச்சுதான் இது. "நிலப் பரிமாற்றம்" இருக்கும் என்று ட்ரம்ப்பே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.

போர் முடிய வேண்டாமா?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று உக்ரைன் மக்கள் சொல்லவில்லை. 2025 ஜூலையில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், 69 சதவீதம் பேர் சீக்கிரமாகப் பேசி முடிக்க வேண்டும் என்றார்கள். வெற்றி கிடைக்கும்வரை போரிட வேண்டும் என்றவர்கள் 24 சதவீதம்தான். 2022-ல் இது அப்படியே தலைகீழ், 73 சதவீதம் பேர் கடைசிவரை சண்டை என்றார்கள். மூன்றரை வருடத்தில் மக்கள் அவ்வளவு களைத்துப்போயிருந்தார்கள்.

ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்பதில் அவர்களுக்குப் பழைய சூடு இருக்கிறது. 1994-ல் புடாபெஸ்ட் உடன்பாட்டின்படி தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் விட்டுக்கொடுத்தது. உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. 2014-ல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அடுத்து கிழக்கில் சண்டை. அதை நிறுத்த 2014, 2015-ல் மின்ஸ்க் நகரில் இரண்டு ஒப்பந்தங்கள், இரண்டுமே நிற்கவில்லை. 2022 பிப்ரவரியில் முழுப் படையெடுப்பு.

அப்போது புதின் கேட்பதாக வந்த தகவல், டோனெட்ஸ்க் பகுதியில் உக்ரைன் கையில் மிச்சம் இருந்த இடத்தையும் விட்டு வெளியேற வேண்டும் என்பது. ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க் நகரங்கள் அங்கேதான் இருக்கின்றன. 2014 முதல் பதுங்குகுழியும் தடுப்பும் கட்டி வைத்த அரண் அது. சண்டையில் ரஷ்யாவால் பிடிக்க முடியாத இடத்தை மேஜையில் கொடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் திறந்த வெளிதான். மறுபடி படை வந்தால் தடுக்க என்ன இருக்கிறது? தவிர, நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தாமல் எல்லையை மாற்ற உக்ரைன் அரசியல் சாசனத்தில் இடமில்லை. ஜெலன்ஸ்கியே நினைத்தாலும் அது நடக்காது.

ட்ரம்ப் நிலைப்பாடு மாறிவிட்டதா?

ஆமாம், ஒரே நாளில். போகும்போது, போர்நிறுத்தம் இல்லாமல் திரும்பினால் மகிழ்ச்சியாக இருக்க மாட்டேன் என்றார். புதின் மறுத்தால் கடும் விளைவு என்றும் எச்சரித்திருந்தார். திரும்பி வந்தபின், போர்நிறுத்தம் பெரும்பாலும் நிலைக்காது, நேராக அமைதி ஒப்பந்தத்துக்கே போவது நல்லது என்று பதிவிட்டார். ரஷ்யா கேட்டுவந்ததும் இதைத்தான். ஒப்பந்தம் பேசும் வரை சண்டை தொடரலாம், அப்போது களத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது ரஷ்யப் படை. சந்திப்புக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டுக்கொண்ட ட்ரம்ப், இனி முடிப்பது ஜெலன்ஸ்கி கையில் என்றார்.

அவருடைய பழைய ரெக்கார்டும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2018-ல் ஹெல்சிங்கியில் புதின் பக்கத்தில் நின்று, தேர்தல் தலையீடு விஷயத்தில் சொந்த நாட்டு உளவுத்துறையையே சந்தேகித்துப் பேசினார். சொந்தக் கட்சியினரே கண்டித்தார்கள். அதே ஆண்டு சிங்கப்பூரில் கிம் ஜோங் உன்னுடன் கைகுலுக்கி, வடகொரிய அணு ஆபத்து முடிந்தது என்றார். 2019-ல் ஹனோயில் அந்தப் பேச்சு முறிந்தது, அங்கேயும் மதிய விருந்து ரத்து.

சந்திப்பை ஆதரிப்பவர்கள் 1986-ஐக் காட்டுகிறார்கள். ரேக்யவிக் நகரில் ரீகனும் கோர்பசேவும் வெறுங்கையோடு பிரிந்தார்கள், அடுத்த ஆண்டே ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் வந்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் இருவரும் பேரம் பேசியது தங்கள் சொந்த ஏவுகணைகளை வைத்து, அடுத்தவர் ஊரை வைத்து அல்ல.

நமக்கு என்ன?

ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இந்தியப் பொருட்கள் மீது ட்ரம்ப் அறிவித்த கூடுதல் 25 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27-ல் அமலுக்கு வந்தது. அப்போது மொத்தம் 50 சதவீதம் ஆனது. அலாஸ்கா பேச்சு சரியாகப் போகாவிட்டால் இது இன்னும் ஏறலாம் என்று அமெரிக்க நிதியமைச்சர் பெசன்ட் முன்பே சொல்லியிருந்தார். போரை நடத்தும் ரஷ்யாவுக்குக் கெடு காற்றில் போய்விட்டது, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான தேதி மட்டும் அப்படியே நின்றது.

ஜெலன்ஸ்கி 2025 ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை வெள்ளை மாளிகை சென்றார். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே அறையில் கேமராக்கள் முன் அவரை ட்ரம்ப்பும் துணை அதிபர் வான்ஸும் வறுத்தெடுத்தது நினைவிருக்கலாம். இந்தமுறை அவர் தனியாகப் போகவில்லை. மக்ரோன், மெர்ஸ், ஸ்டார்மர், மெலோனி உள்ளிட்ட ஐரோப்பியத் தலைவர்களும் கூடவே வந்தார்கள்.