வீட்டுச் சூட்டுக்குத் திரை மட்டும் போதுமா?

தகரக் கூரை லயத்தில் மத்தியான நேரம் பிள்ளைகளைத் தூங்க வைக்க நம் பெண்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஆகவே சன்னல் திரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். ஐந்தடி நடைபாதையில் மூங்கில் தட்டியை வெளிப்பக்கமாகத் தொங்கவிடுவார்கள். வெயிலை வெளியிலேயே தடுப்பதுதான் நல்லது. உள்ளே தொங்கும் துணி, கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டை முழுவதும் திருப்பி அனுப்பாது. காலையில் கிழக்குச் சன்னலையும் மாலையில் மேற்குச் சன்னலையும் மறையுங்கள். வெயில் தாழ்ந்ததும் திறந்துவிடுங்கள்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கதை வேறு. ராத்திரிக் குளிருக்கு அங்கே கனத்த துணி, தரை வரை, சுவரை ஒட்டித் தொங்க வேண்டும். துணிக்குப் பின்னால் அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கும்.

ஆனால், தலைக்குமேல் தகரம் கொதித்தால் திரை என்ன செய்யும்? தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டம். ஓட்டைக் கூரை, உடைந்த சன்னல் என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டார் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். லயமே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.