பசி தீர்த்த பாலைப்பழம்

மடு ஆடித் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் காட்டு மரநிழலில் கொட்டில் போட்டு, சமைத்துச் சாப்பிட்டுச் சில நாள் தங்குவது வழக்கம். நாங்களும் தங்கினோம். குரக்கன் ரொட்டி, முருங்கையிலை வறை, தயிர் என்று வயிறாரச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்குப் பாலைப்பழம்தான் பெரிய விருந்து. உதட்டில் ஒட்டும் பாலுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன்.

பழம் விற்ற அக்கா சொன்னார்: “இடம்பெயர்ந்து இங்கே இருந்தபோது பிள்ளைகளின் பசிக்கு இதைத்தான் கொடுத்தனான். சொல்ல இப்பவும் வெட்கம், தங்கச்சி.”

1990களில் ஆயிரக்கணக்கானோர் மடுவில் தஞ்சமிருந்தார்கள். காட்டை அறிந்த தாய்மார் பிள்ளைகளைப் பட்டினி கிடக்க விடவில்லை. அந்த அறிவுக்கு வெட்கம் எதற்கு, சகோதரிகளே? எந்தப் பழம் எப்போது கனியும், எந்த இலையில் வறை செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விற்கும்போது நியாய விலையும் கேளுங்கள்.