கடற்கரையில் கேரவன்: உரிமத்தை யார் கேட்பது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரே பேச்சு: "போர்ட்டிக்சன் போகலாமா?" புளிசாதம் கட்டிக்கொண்டு தோட்டத்து லாரியில் தெலுக் கெமாங் போனவர்களின் பிள்ளைகள் இப்போது கேரவன் தேடுகிறார்கள். குடும்பமே ஒரே வண்டியில் தூங்கலாம், சமைக்கலாம். ஆசையில் தப்பில்லை.

ஆனால், இரவில் வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம்?

2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த இடத்துக்கு வேளாண் பண்ணை நடத்தத்தான் உரிமம், முகாம் நடத்த இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. பணம் கட்டி உள்ளே போன குடும்பங்களுக்கு அது எப்படித் தெரியும்?

அது மலை, இது கடல் என்பார்கள். கடலோரத்தில் மண் சரியாது என்றே வைத்துக்கொள்வோம். நீர் ஏறும், காற்றில் மரம் விழும். நள்ளிரவில் ஓட வழி வேண்டாமா?

உரிமத்தைச் சோதிப்பது ஊராட்சி மன்றங்களின் வேலை. உரிமம் பெற்ற தளங்களின் பட்டியலை விடுமுறைக்கு முன்பே அவை வெளியிடலாம், பெரிய செலவில்லை. அதுவரை, முன்பணம் கட்டுமுன் உரிமத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் வேறு இடம் பாருங்கள்.