மலிவான அடுப்பு யாருக்கு மலிவு?

கினிகத்தேனை என்னும் சிங்களப் பெயரைப் பிரித்துப் பொருள் கொண்டால் ‘தீப்பற்றிய சேனை’ என்று வரும். பெயர் அவ்வாறிருப்பினும், இங்கே அடுப்பில் தீப்பற்ற வைப்பதே பெரும்பாடு. எமக்கு அண்டையிலுள்ள வட்டவளை, இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் வெயிலைக் காண இயலாது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த மிலாறு, லயத்து இஸ்தோப்பில் அடுக்கியபடியே ஈரம் ஊறிக் கிடக்கும். ஈர விறகு எரிவதற்கு முன் புகைகிறது. அதிகாலையில் எழுந்து, அந்தப் புகையில் ரொட்டி சுட்டு, தேநீர் ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்திவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் தாய்மாரின் பிள்ளைகளுக்கே நான் தமிழ் கற்பிக்கிறேன். முதற் பாடவேளையில் அவர்களுடைய சட்டையிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் எழும் புகைவாடை எனக்குப் பழகிவிட்டது. அவ்வாறு பழகிப்போனதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

பெற்றோர் கூட்டமொன்று முடிந்த பின்னர், மாணவியொருத்தியின் தாயார் ஒதுங்கி நின்று என்னை ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், கேஸ் அடுப்பு துருப்புடிச்சி ஓட்டையாப் போச்சிங்க. தவணைக்கு ஒன்னு எடுக்கலாம்னு பாக்குறேன். எத எடுத்தா நல்லதுங்க?”

அவர் கையில் ஒரு கடையின் விளம்பரத்தாள் இருந்தது. கண்ணாடி மேற்பரப்புள்ள இரட்டை அடுப்பு, எவர்சில்வர் அடுப்பு, மின்சார ஹொட் பிளேட், இண்டக்சன் அடுப்பு, மேசைமேல் வைக்கும் சிறிய அவன் என வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் விலை, மாதத் தவணை. அவரவர் வருவாய்க்கேற்பத் தெரிவு செய்துகொள்ளலாம் என்பதே அத்தாளின் உபதேசம். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற எனக்கு அடுப்பு வாணிபம் தெரியாது. ஆயினும் அந்தத் தாயாருக்கு விடை சொல்லும் பொருட்டு விசாரிக்கப் புகுந்தபோது, லயத்தில் வாழும் பெண்ணிடம் ‘தெரிவு’ என்ற சொல்லைக் கூறுவதே எத்துணைப் பெரிய ஏமாற்று என்பது விளங்கிற்று.

முதலில் ஒரு பழியைத் துடைக்க வேண்டும். ‘தோட்டத்துச் சனங்கள் விறகடுப்பை விடமாட்டார்கள், அது அவர்களுடைய பழக்கம்’ என்று படித்தவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். இது பொய். மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்த பெண்களும், கொழும்புக் கடைகளில் வேலை செய்த இளைஞரும் அனுப்பிய பணத்தில் எத்தனையோ காம்பராக்களுக்குக் கேஸ் அடுப்பு வந்து சேர்ந்தது. அதனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர்கள் இதே தாய்மார்தாம். பின்னர் நிகழ்ந்தது என்ன? 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2,500 ரூபாவைத் தாண்டிற்று. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்கே சரி. அதனை மலைப்பாதையில் ஏற்றிவரும் ஓட்டோக்கூலி தனி.

விலை மட்டுமா? 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையைக் காரணமாகச் சுட்டியது. அடுப்பைத் ‘தெரிவு’ செய்த பெண்ணுக்கு அந்தக் கலவையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்ததா? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே முறையில் 340 ரூபாவுக்கு ஏறியது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. மூன்று கதவுகளும் அடைபட்ட பின்பே தாய்மார் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு மீண்டும் மிலாறு பொறுக்கப் போனார்கள். இதற்குப் ‘பழக்கம்’ என்று பெயர் சூட்டுபவர்களை என்னவென்பது?

இனி அந்த விளம்பரத்தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கண்ணாடி அடுப்பு பார்வைக்கு அழகானது. விலை குறைந்தவற்றில் தகடு மெல்லியது, பர்னர் பித்தளையாக இராது, கால்கள் ஆடும். ஆறு பேருக்குச் சோறாக்கும் பானையின் பாரத்தைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஐந்தாம் மாதத்திலேயே கண்ணாடி வெடித்தது. உத்தரவாதம் கண்ணாடிக்கு இல்லை என்று கடைக்காரர் கூறிவிட்டார். கண்ணாடி போனபின்னும் தவணை ஏழு மாதம் தொடர்ந்தது. தவணைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, அந்த ‘மலிவான’ அடுப்புக்குக் கொடுத்த தொகையில் கனமான நல்ல அடுப்பொன்றை ரொக்கத்துக்கே வாங்கியிருக்கலாம். ரொக்கம் கையில் இல்லாதவன் எதையும் கூடிய விலைக்கே வாங்குகிறான் என்ற பொருளாதார பாடத்தை அந்தக் குடும்பம் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டது.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்தில், சன்னலருகே வைக்குமாறு எச்சரிக்கிறார்கள். நல்ல அறிவுரை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் சமையலும் படுக்கையும் படிப்பும் ஒன்றாக நடக்கிறபோது, கேஸ் படியும் அதே தரையிலேதான் பிள்ளைகள் பாய் விரிக்கிறார்கள். எத்தனை பழைய லயங்களில் ஒழுங்கான சன்னல் இருக்கிறது? அறிவுரை எழுதியவர் லயத்தைக் கண்டிருக்கமாட்டார்.

இண்டக்சன் அடுப்பை நான் பழிக்கமாட்டேன். புகையில்லை, வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்துக்கே போய்ச் சேருகிறது. ஆனால் அது காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரத்தையே சூடாக்கும். எங்கள் வீடுகளில் இருப்பனவோ அலுமினியச் சட்டிகளும் மண்சட்டிகளும். ரொட்டிக்கல் ஒன்று தப்பினாலும் தப்பலாம். மற்றப் பாத்திரங்களையெல்லாம் புதிதாக வாங்க வேண்டும். இந்தச் செலவு விளம்பரத்தாளில் இல்லை. 2,000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் வானொலிக்குமென இழுத்த பழைய மெல்லிய கம்பி அதனைத் தாங்குமா? லயம் முழுவதற்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் கம்பி பற்றினால் அடுத்தடுத்த குடும்பங்களின் அடையாள அட்டைகளும் பாடப்புத்தகங்களும் சேர்ந்தே எரிகின்றன. இச்செலவும் விளம்பரத்தாளில் இல்லை.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்போம். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் எங்கள் மலைகளுக்கிடையே ஓடுகின்றன. பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட இலக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயர் தாங்கிய நிலையம் எழுந்தது. எங்கள் மழை, எங்கள் மலைச்சரிவு, எங்கள் பள்ளத்தாக்கில் தேங்கிய நீர்! அதிலிருந்து பிறந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து பல பதிற்றாண்டுகள் கழிந்த பின்னரே, அந்நிலையங்களைப் பார்த்தபடி நின்ற பல லயங்களில் முதல் மின்விளக்கு எரிந்தது. இன்றும் ஓர் அடுப்பைத் தாங்கும் கம்பி அவற்றுக்கு வாய்க்கவில்லை.

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. காலையில் புகைக்குள் இருமிய பெண் பறித்த கொழுந்து மாலையில் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கும் உலையில் விறகு எரிகிறது. ஆனால் அந்தப் புகை தேயிலையைத் தொடுவதில்லை. இரும்புக் குழாய்களால் சூடேறிய தூய காற்றே இலையை உலர்த்துகிறது. புகை தனி வழியாகப் புகைபோக்கியில் ஏறி வானத்துக்குப் போய்விடுகிறது. பெல்பாஸ்ற் நகரத்து சாமுவேல் டேவிட்சன் ‘சிராக்கோ’ என்னும் உலர்த்தும் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. இத்துணை அக்கறை எதற்கு? தேயிலையில் புகைவாடை ஏறினால் ஏலத்தில் விலை விழும். துரை பங்களாவிலும் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி, குளிர்காயும் கணப்புக்கு ஒரு புகைபோக்கி. புகையை வெளியேற்றும் வித்தை இத்தோட்டங்களில் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்திருந்தது. இலையைப் பறித்தவளின் நுரையீரலுக்கு ஏலத்தில் விலையில்லாத காரணத்தால் அது லயத்துக்கு மட்டும் இறங்கிவரவில்லை.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர். நிமோனியா, நாட்பட்ட நுரையீரல் நோய், கண்புரை ஆகியவற்றுக்கும் இப்புகைக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் ஐயமின்றிக் கூறுகிறது. எங்கள் வைத்தியசாலை வரிசையில் இருமிக்கொண்டு நிற்பவர்களிடம் ‘குளிர்’ என்று சொல்லி மருந்து கொடுத்தனுப்புகிறோம்.

அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘லயத்தில் இருப்பவர்களுக்கு அவன் எதற்கு?’ என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் சிரித்தார். பங்களாவில் பாணும் கேக்கும் சுட்டுப் பரிமாறிய அப்புமார் எந்த வீடுகளிலிருந்து போனார்கள்? அக்கைகளே இரவில் மூன்று கல் அடுப்புக்குத் திரும்பின. மகளின் பிறந்தநாளுக்கு மணல் பரப்பிய சட்டிக்குள் தகரத்தை வைத்து, மூடியின்மேல் தணல் கொட்டிக் கேக் சுடும் தாய்மாரை நான் அறிவேன். அந்த ஆசையில் ஆடம்பரம் எதுவுமில்லை. ஆயினும், ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரம் தின்னும் பொருளை, பழைய கம்பியில் மாட்டும்படி தவணை முறையில் தலையில் கட்டுவது அந்த ஆசையை விற்றுக் காசாக்குவதேயாகும்.

நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. முற்போக்கு எழுத்தாளர்களாகிய நாம் லயத்து அடுப்பை எத்தனை கதைகளில் செந்தழலாக வருணித்திருக்கிறோம்! புகையை ஏழ்மையின் சின்னமாக்கினோம். தணலைப் புரட்சியின் குறியீடாக்கினோம். அந்தப் புகை எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஒரு வரி எழுதினோமா? 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை மேடைதோறும் நினைவுகூர்ந்தபோதும், புகைபோக்கி பற்றிய தீர்மானம் எதையும் நான் கேட்கவில்லை.

‘அரசாங்கம் எல்லாருக்கும் இலவசமாகக் கேஸ் அடுப்புக் கொடுத்துவிட்டால் போதும்’ என்பாரும் உளர். 2006ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்துத் தமிழ்நாட்டில் இலவசக் கேஸ் அடுப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் இந்தியா முழுவதற்கும் உஜ்வலா திட்டம் வந்தது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது பெரிய காரியமே. ஆயினும் இரண்டாவது சிலிண்டருக்குப் பணமில்லாத வீட்டில் அடுப்பு மூலையில் ஒதுங்கிற்று. டொலர் இல்லாத நாளில் இறக்குமதிக் கேஸும் இல்லை என்பதை 2022 நமக்குக் காட்டிவிட்டது. அடுப்பைக் கொடுத்து எரிபொருளையும் வீட்டையும் மறந்தால் அது பாதிக் கொடையாகும்.

ஆகவே கோரவேண்டியவை இவை. புதிய வீடு வரும்வரை காத்திராமல், இன்றிருக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் புகைபோக்கியுள்ள சமையல் ஒதுக்கிடம் கட்டித்தரப்பட வேண்டும். லயத்தின் மின்கம்பிகள் புதிதாக இழுக்கப்பட்டு, அடுப்புக்குத் தனி இணைப்பும் தன்னியக்க ஆளியும் வேண்டும். இவை தோட்ட நிர்வாகமும் அரசும் ஏற்கவேண்டிய செலவு. வீட்டுக்குச் சொந்தக்காரியல்லாத பெண்ணின் தவணைக்கணக்கில் எழுதவேண்டிய செலவன்று. நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் பேச்சுவார்த்தை மேசையில் எரிபொருள் ஒரு பொருளாக இருக்கவில்லை. தொழிற்சங்கங்கள் அதனை அங்கே வைக்க வேண்டும். அடுப்புகளைக் கூட்டுறவு மூலம் மொத்தமாக, எழுத்திலுள்ள உத்தரவாதத்தோடு வாங்கினால் தவணைக் கடையின் பிடி தளரும்.

அதுவரை? கேட்டவருக்கு விடை சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாயாருக்கு நான் கூறியது இதுதான்: அவனை இப்போது எடுக்க வேண்டாம். கம்பியை மின்னியலாளர் ஒருவர் பார்க்கும்வரை இண்டக்சனும் ஹொட் பிளேட்டும் வேண்டாம். கேஸ் அடுப்பானால் கண்ணாடியை விட்டு, கனமான எவர்சில்வர் மேற்பரப்பும் பித்தளை பர்னரும் உள்ளதைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பழைய குழாயையும் கிளிப்பையும் மாற்றாமல் புது அடுப்பை மாட்டாதீர்கள். இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரைப் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். தவணைகளையெல்லாம் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிடுங்கள். விறகும் எரிக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு மூன்று கல்லை விட்டு, இரண்டு பானை வைக்கும் ‘அனகி’ மண் அடுப்பை வாங்குங்கள். 1980களில் இந்நாட்டிலேயே வடிவமைத்துப் பரப்பப்பட்டது அது. விறகை மிச்சப்படுத்தும், விலையும் குறைவு.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் இந்தத் தாள்ல எழுதலியேங்க, சேர்” என்றார்.

விற்பவன் எழுதமாட்டான். எழுத வேண்டியவர்கள் நாம். இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவர் வாழும் ஒரு லயத்துக்கேனும் செல்லுங்கள். எத்தனை காம்பரா, எத்தனை சன்னல், எத்தனை புகைபோக்கி, கம்பி எந்த நிலையில், எத்தனை பேர் இருமுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துவாருங்கள். நானும் என் பத்தாம் வகுப்பு மாணவரும் தொடங்கிவிட்டோம். முதல் லயத்தில் பன்னிரண்டு காம்பரா பார்த்தோம்; புகைபோக்கி ஒன்றுகூட இல்லை.