ததீசியின் எலும்பும் மின்னல் வார்த்த கண்ணாடியும்

இடி முழங்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இந்திரனின் மைந்தன் பெயரைக் கேட்டால் தந்தையின் வஜ்ராயுதம் விலகிச் செல்லும் என்பது நம்பிக்கை. அந்த வஜ்ராயுதத்தின் ‘துண்டு’ என்று கூறிச் சாம்பல் நிறக் குழாய் ஒன்றை விற்கிறார்களே, அதைப் பூஜையறையில் வைக்கலாமா என்று வாசக அன்பர் ஒருவர் வினவியுள்ளார்.

அப்பொருள் மெய்யாகவே மின்னலால் உண்டானதாக இருக்கலாம். மின்னல் பாயும் வழியில் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸை எட்டும். மணல் உருகுவதற்கு 1,700 டிகிரி அளவே போதும். ஆகவே, மணற்பாங்கான நிலத்தில் மின்னல் இறங்கினால், கண்ணிமைக்கும் நேரத்தில் மணல் உருகி, உடனே குளிர்ந்து கண்ணாடியாகிவிடுகிறது. மணலிடையே இருந்த காற்றும் ஈரமும் வெடித்து விரிவதால் நடுவில் துளை விழுகிறது. வெளிப்புறம் மணல் ஒட்டிய சொரசொரப்பு. உட்புறம் மெருகிட்டாற்போன்ற வழவழப்பு. சில, மரத்தின் வேரைப் போலக் கிளை பிரிந்தும் செல்லும். ஃபல்குரைட் என்பது இதன் பெயர். உருகுவே நாட்டின் மால்டொனாடோ அருகே மணற்குன்றுகளில் இவற்றைக் கண்ட டார்வின், தம் பயண நூலில் விரிவாக எழுதியுள்ளார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வஜ்ரம் என்றால் உறுதி என்று பொருள். இதுவோ சற்று அழுத்தினாலே நொறுங்கும்!

எகிப்தின் தென்மேற்கே, மழையை அநேகமாக மறந்துவிட்ட பாலைவனத்தில் கிடைத்த துண்டு ஒன்றை, மெக்சிகோ நாட்டு அறிஞர் ரஃபேல் நவாரோ கொன்சாலஸ் தலைமையிலான குழுவினர் ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அது உருவாகி ஏறத்தாழ 15,000 ஆண்டுகள் ஆகின்றன. மின்னல் தாக்கிய அக்கணத்தில் அடைபட்ட வாயு, கண்ணாடிக் குமிழிகளுக்குள் அப்படியே இருந்தது. மண்ணில் கலந்திருந்த புல், புதர்களின் எச்சம் எரிந்து உண்டான வாயு அது என்று கணித்தார்கள். இன்று வெறும் மணலாகக் கிடக்கும் அவ்விடத்தில் அன்று மேகம் திரண்டிருக்கிறது, புல் முளைத்திருக்கிறது. நீரைச் சிறைப்படுத்திய விருத்திரனை இந்திரன் வஜ்ரத்தால் வீழ்த்தி, நீரை விடுவித்த வேத வரலாறுதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

அந்த வஜ்ரம் ததீசி முனிவரின் எலும்பினால் ஆனது என்பதை அன்பர்கள் அறிவார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு ஒரு வீட்டுத் தோட்டத்தில் மின்னல் விழுந்து உண்டான கண்ணாடியில், ஷ்ரைபர்சைட் என்னும் பாஸ்பரஸ் கனிமம் இருப்பது 2021இல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. ஆதி பூமியில் பாறைகளுக்குள் பூட்டிக் கிடந்த பாஸ்பரஸை, கோடானுகோடி மின்னல்கள் உயிர்கள் தோன்றுவதற்கு ஏற்ற வடிவில் விடுவித்திருக்கலாம் என்பது அவ்வறிஞர்களின் கருத்து. நம் எலும்பிலும் பாஸ்பரஸ் இருக்கிறது.

உடனே ‘ரிஷிகள் பாஸ்பரஸை அன்றே அறிந்திருந்தனர்’ என்று கைப்பேசியில் செய்தி அனுப்பத் தொடங்கிவிடாதீர்கள். தேவர்கள் யாசித்ததும் தம் உடலையே ஈந்த முனிவரின் தியாகத்தைப் புராணம் சொல்கிறது. அதற்கு எந்த ஆய்வுக்கூடத்தின் சான்றிதழும் வேண்டியதில்லை. இத்தகைய ஒட்டுப்போடும் வேலையால் புராணத்துக்கும் பெருமை சேர்வதில்லை, விஞ்ஞானத்துக்கும் பயனில்லை.

அன்பரின் கேள்விக்கு வருகிறேன். சாளக்கிராமத்துக்கும் பாணலிங்கத்துக்கும் நம் பூஜை மரபில் இடமுண்டு. இக்கண்ணாடிக்கு அத்தகைய இடம் எதையும் நான் கண்டதில்லை. இயற்கையின் அதிசயம் என்று பேரக் குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக, நியாயமான விலையில் வாங்குவதில் தவறில்லை. தோஷம் தீரும், வீட்டில் இடி விழாது என்று சொல்லி ஓய்வூதியப் பணத்தில் ஆயிரங்களைக் கேட்டால், வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுங்கள். மின்சாரத்தைப் பாய்ச்சிச் செயற்கையாகவும் இத்தகைய கண்ணாடியை உண்டாக்க முடியும். வேறுபாடு காண்பது நம் போன்றோருக்கு எளிதன்று. முன்பே வாங்கிவிட்டவர்கள் பஞ்சில் பொதிந்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உடைந்த ஓரம் கையைக் கிழித்துவிடும்.