பெரிய கொடுவா எல்லாம் அம்மா மீன்தான்!

ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, கொடுவா இருக்கா? பெருசா, சினையோட இருந்தா குடுங்க."

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்க்கா!"

முள் குறைவு, சதை அதிகம். குழம்புக்கும் சரி, வறுவலுக்கும் சரி, கொடுவாவுக்குத் தனி மவுசு உண்டு. தூண்டில்காரர்களுக்கும் இது பிடித்த மீன். தூண்டிலில் மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளி, ஆளையே ஒரு கை பார்த்துவிடும். ஆனால், அந்தப் பெரிய மீன் நம் தட்டுக்கு வருவதற்குள் எத்தனை தூரம் பயணம் செய்திருக்கும் தெரியுமா?

ஏரியில் வாழ்க்கை, கடலில் பிரசவம்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் ஒன்று சுண்ணாம்புக்குளம். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர், கடலில் இருந்து ஏறிவரும் உப்புத் தண்ணீருடன் கலக்கும் இடம் இந்த ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

ஊர்க்குளத்தில் இருக்கும் விரால் மீனுக்கு எல்லாமே ஒரே இடத்தில்தான். செடிகொடி மறைவில் முட்டையிடும், குஞ்சுகள் பெரிதாகும் வரை தாயும் தகப்பனும் காவல் காக்கும். கொடுவா நேர்மாறு. ஏரியில் வளரும், ஆற்றில் ஏறி நல்ல தண்ணீரிலும் வாழும். ஆனால், அதன் முட்டை பிழைக்க உப்புத் தண்ணீர் வேண்டும். அதனால் பருவம் வந்த மீன்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அலையேற்றம் பார்த்து, முகத்துவாரத்தின் பக்கம் போய் முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஓதத்தோடு மறுபடி ஏரிக்குள் வரும்.

ஆண் மீன் பெண்ணாகும் அதிசயம்

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். மூன்று, நான்கு வயதில், சுமார் இரண்டு கிலோ எடையில் ஆணாகப் பருவத்துக்கு வரும். இன்னும் சில வருடம் போய், நான்கு கிலோவைத் தாண்டும்போது பெண்ணாக மாறும். ஒரு பெரிய பெண் மீன் பல லட்சம் முட்டைகள் இடும்.

அப்படியென்றால் கணக்கு எளிது. வலையில் விழும் பெரிய கொடுவா அநேகமாக அம்மா மீன். அரைக் கிலோ மீனோ, ஒரு முறைகூட இனப்பெருக்கம் செய்யாத குட்டி. இரண்டையும் பிடித்துக்கொண்டே இருந்தால், அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

வாசல் அடைத்தால் வாழ்வும் அடைக்கும்

கொடுவா மட்டுமல்ல... மடவை, இறால், சேற்று நண்டு எல்லாமே இனப்பெருக்கத்துக்குக் கடலை நம்பியவை. ஏரியின் தமிழகப் பகுதிக்கு, பழவேற்காடு அருகில் உள்ள முகத்துவாரம்தான் முக்கிய வாசல். அதில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தாய் மீன் வெளியே போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது. வலை வீசுபவர்களுக்கும், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அன்றைய வருமானம் போச்சு. முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்பது இதனால்தான்.

இந்த ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த முறையில் உரிமை உள்ளவர்களுக்குள் பங்கு கிடைக்க வழி செய்த ஏற்பாடு இது. ஆனால், ஆளுக்கு முறை வைத்தால் மட்டும் போதாது. மீனுக்கும் ஒரு முறை வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது கடலில் விசைப்படகுகளுக்கானது. மடவை கடலுக்குப் போய் முட்டையிடுவதோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில். அப்போது அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

இதே கொடுவாவை ஆஸ்திரேலியாவில் 'பாரமுண்டி' என்பார்கள். அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த மீனையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, 120 செ.மீ.க்கு மேற்பட்ட மீனையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குட்டிக்கும் பாதுகாப்பு, அம்மாவுக்கும் பாதுகாப்பு. அதன் கிழக்குக் கடற்கரையில், முட்டையிடும் பருவமான நவம்பர் முதல் ஜனவரி வரை பாரமுண்டி பிடிக்கவே தடை.

நம் ஊரிலும் நல்ல செய்தி இருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997-ல் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு எடுத்துக் காட்டியது. வேகமாக வளரும் குஞ்சு சின்னக் குஞ்சை விழுங்கிவிடும் என்பதால், அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்து வளர்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பண்ணையில் வளர்ந்த கொடுவா இப்போது கடைகளில் கிடைக்கிறது.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போகும்போது, "சினையோட குடுங்க" என்பதற்குப் பதில், "பண்ணைக் கொடுவா இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். நம் குழம்பின் ருசி குறையாது. ஏரியில் ஓர் அம்மா மீன் வாசல் தாண்டிப் போய்வரும்.