அம்மாவிடம் கேட்காத கேள்வி

லேத்தில் கடைந்தது நூலிழை பிசகினாலும் மைக்ரோமீட்டரை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறோம். வீட்டில் அம்மாவிடம் "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்க மட்டும் வாய் வராது.

எங்க அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் தையல் வேலை. வெள்ளைப்படுதலை "சூடு" என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே இரண்டு வருஷம் ஓட்டினாள். (எல்லா வெள்ளைப்படுதலும் புற்றல்ல, பயப்படாதீர்கள்.) அடையாறு போனபோது கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது.

இது ஒரே நாளில் வருவதில்லை. ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேலாகும். அதற்குள் கண்டுபிடிக்க நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் சமாச்சாரம்தான், தடவிப் பார்த்தால் போதும். சந்தேகமான இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துவிடும். நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஒரே ஒரு தடவை இப்படிப் பரிசோதித்தார்கள். இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. தடுப்பது வெட்கம்தான். அதை வளர்ப்பதில் ஆம்பிளைகள் நமக்கும் பங்குண்டு.

போன மாசம் அம்மாவைக் கூட்டிப் போய் வந்தேன். திரும்பும்போது ஆவடி பஸ்ஸில், "இதையெல்லாம் மலர்ல எழுதித் தொலைக்காதடா" என்றாள்.

எழுதிவிட்டேன்.